நாலாம் தொட்டி

ஆகஸ்ட் 6

மேடம் இந்த டைரியைக் கொடுத்தார். போன வருஷத்து டைரி, உரக்கடைக்காரர் இனாமாகக் கொடுத்தது. "கிழமையப் பாக்காதீங்க ருக்குமணியக்கா, தேதிய மட்டும் பாருங்க" என்றார். மீன்குஞ்சுகள் என்ன செய்கின்றன என்று தினமும் நாலு வரி எழுத வேண்டுமாம். தீனி போடும் பெண்களில் பிளஸ் டூ வரை படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் இது என் தலையில் விழுந்தது. அவருக்கு வேண்டிய நாலு வரியைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்துவிடுவேன். டைரி எனக்கு. தீனி அறையில் புண்ணாக்கு மூட்டைக்கு அடியில் இருக்கும். மூட்டையைத் தூக்கிப் பார்க்கும் அளவுக்கு இந்தப் பண்ணையில் யாருக்கும் சுறுசுறுப்பு கிடையாது.

மேடம் பெயர் ஜெனிபர். தூத்துக்குடிக்காரர். கடலோரத்தில் பிறந்தவர், ஆனால் தொட்டியில் ஒரு தண்ணீர்ப் பாம்பு வந்தால் ஆபீசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நான் பிடித்து வெளியே வீசினால் அன்று முழுக்க என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். மற்றபடி தங்கமான பெண்.

இந்த வருஷம் ஆற்றில் விடப்போகும் சேல்கெண்டைக் குஞ்சுகளை இரண்டு விதமாக வளர்க்கப்போகிறார்களாம். "பண்ணையில வளந்தத ஆத்துல விட்டா முக்காவாசி செத்துப்போகுதுக்கா. அதுங்களுக்குப் பயம் தெரியல, தீனி தேடவும் தெரியல. மூணாம் தொட்டிய எப்பவும் போல வளங்க. நாலாம் தொட்டிய ஆறு வளக்குற மாதிரி வளக்கணும்."

"ஆறு எப்படிங்க மேடம் வளக்கும்?"

"இரக்கமே இல்லாம."

வீட்டு விஷயம் எதுவும் இதில் எழுதப்போவதில்லை.

ஆகஸ்ட் 7

மூன்றாம் தொட்டி எனக்குப் பழகிய வேலை. தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்த வாளியைக் கரண்டியால் தட்டுவேன். எல்லாம் என் காலடிக்கு வந்து வாயைப் பிளக்கும். கையை உள்ளே விட்டால் விரலைச் சப்பும். மற்ற பெண்கள் தீனியைச் சும்மா வீசிவிட்டுப் போவார்கள், தட்டுவது நான்தான். வீட்டில் இருந்து வந்த பழக்கம். தாரணி சின்னவளாக இருந்தபோது சோற்றுத் தட்டில் கரண்டியால் தட்டினால் எந்த வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாலும் ஓடி வந்துவிடுவாள்.

வீட்டு விஷயம் எழுதுவதில்லை என்று நேற்றுதான் எழுதினேன்.

ஆகஸ்ட் 10

நாலாம் தொட்டிக்குள் ஆற்றுக்கல்லும் உடைந்த ஓடும் போட்டோம். மோட்டார் வைத்துத் தண்ணீரைச் சுற்ற விட்டிருக்கிறோம், குஞ்சுகள் எதிர்நீச்சல் போட்டபடி இருக்க வேண்டும். நடுவில் ஒரு வலைக்கூண்டில் பெரிய விரால் ஒன்று. அது கூண்டுக்குள்ளிருந்து முறைப்பதே இவற்றுக்குப் பாடமாம். தீனி நான் போடக்கூடாது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குழாய் வழியாக, நேரம் மாற்றி மாற்றி, புழுவாகவும் பூச்சியாகவும் போகும். என் முகம் தெரியும்போதெல்லாம் மூங்கிலால் தண்ணீரை அடித்து, வலையை இழுத்து விரட்ட வேண்டும். என்னைக் கண்டாலே கல்லுக்கு அடியில் ஓட வேண்டும்.

"அப்ப நாந்தான் அதுகளுக்கு எமன்" என்றேன்.

"நீங்கதான் வாத்தியார்" என்றார் மேடம். பேச்சில் அவரை ஜெயிக்க முடியாது.

ஆகஸ்ட் 19

தாரணி கூப்பிட்டாள். புது எண். தீனி அறையில் நின்று பேசினேன்.

எழுதிவிடுகிறேன், நெஞ்சில் வைத்துக்கொண்டு புண்ணாக்கு பிசைய முடியவில்லை. என் மகள் ஆனி மாதம் வீட்டை விட்டுப் போனாள். செல்போன் கடையில் வேலை பார்க்கும் ஜெகனைக் கட்டிக்கொண்டாள். நல்ல பையன். 'வேற ஆளுங்க' என்பது ஒன்றுதான் குறை. எங்கள் ஊரில் அந்த ஒன்று போதும். என் வீட்டுக்காரர் அன்றிலிருந்து அவள் பெயரைச் சொல்வதில்லை. அவருடைய அண்ணன், என் மச்சாண்டார் நாச்சிமுத்து, சொல்கிறார். சொல்லும்போதெல்லாம் கூடவே ஒரு சத்தியமும் செய்கிறார்.

"சாப்பிட்டயா சாமி?" என்றேன்.

"சாப்பிட்டேம்மா. நீ?"

அவ்வளவுதான் பேசினோம். எந்த ஊரில் இருக்கிறாள் என்று சொன்னாள். எழுதிவிட்டு அடித்துவிட்டேன். மை ஊறித் தெரியாதபடி நன்றாகவே அடித்தேன்.

செப்டம்பர் 2

நாலாம் தொட்டியில் சாவு அதிகம். கூண்டுக்குப் பக்கத்தில் போனவை. மேடம் பாடம் என்கிறார்.

செப்டம்பர் 17

லீவு நாள், பண்ணையில் யாரும் இல்லை. தீனி போட நான் மட்டும் வந்தேன். மூன்றாம் தொட்டியில் வழக்கம் போல் கும்மாளம். அதைப் பார்த்துவிட்டு நாலாம் தொட்டியைப் பார்த்தால் அழுகை வந்தது. அவையும் அதே தாய் மீனின் முட்டைகள்தான். மேடத்துக்குத் தெரியாமல் ஒரு கைப்பிடித் தீனியோடு போய்க் குந்தி, மெதுவாக வாளியைத் தட்டினேன். தண்ணீர் வெறுமையாக இருந்தது. ஒன்றுகூட வரவில்லை. கல்லுக்கு அடியில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

மனசு வலித்தது. மீனிடம் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போன முதல் பெண்பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.

அக்டோபர் 8

புள்ளி வைக்கும் வேலை. ஒவ்வொரு குஞ்சையும் மயக்க மருந்துத் தண்ணீரில் போட்டு, செவுளுக்குப் பக்கத்தில் ஊசியால் ஒரு துளி சாயம். ஆற்றில் பிடித்தால் எந்தத் தொட்டி என்று தெரிய வேண்டுமாம். மூன்றுக்குச் சிவப்பு, நாலுக்குப் பச்சை. மூன்றாம் தொட்டி மீன்கள் வலைக்குள் தாமாக வந்து விழுந்தன. நாலைப் பிடித்து முடிக்க எங்கள் எல்லோருக்கும் இடுப்பு கழன்றுவிட்டது.

தாரணி இந்த வாரம் கூப்பிடவில்லை.

அக்டோபர் 21

இன்று பாறைத்துறையில் காவிரியில் விட்டோம். பெரிய ஆட்கள் வந்தார்கள், மாலை, பேச்சு, போட்டோ. மைக்கில் பேசியவர் நாட்டு மீன் இனத்தைக் காப்பாற்றுகிறோம் என்றார். பச்சைப் புள்ளிக்காரர்களை வாளியில் இருந்து சாய்த்ததுதான் தெரியும், மறு நொடி காணோம். சிவப்புப் புள்ளிக்காரர்கள் போகவே இல்லை. படித்துறையை விட்டு நகராமல் எங்கள் கால்களையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். போட்டோக்காரருக்கு அதனால் நல்ல போட்டோ கிடைத்தது. மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு காலால் தண்ணீரைத் தள்ளி, "போங்க, போங்க" என்றேன். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு இன்னும் கிட்டே வந்தன.

அக்டோபர் 25

பொறுக்க முடியாமல் வேலை முடிந்ததும் ஆற்றுக்குப் போனேன். வாளியையும் எடுத்துப் போனேன். சும்மாதான். படியில் நின்று தட்டினேன். முதலில் ஒன்றும் இல்லை. மறுபடி தட்டியதும் தண்ணீர் கொதிப்பது போல் ஆகிவிட்டது. எத்தனை தலைகள். என் செல்லங்கள் அத்தனையும் உயிரோடு இருந்தன. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான்.

பரிசலில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த மாதையன் அருகே வந்தான். இந்தத் துறையில் மீன் பிடிக்கும் ஆள்.

"என்ன வித்தைங்க்கா இது?" என்றான்.

"வித்தையெல்லாம் இல்ல. நான் கூப்பிட்டா வரும்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

நவம்பர் 3

மச்சாண்டார் வீட்டுக்கு வந்தார். ஆனி மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் என்னிடம் முகம் கொடுத்துப் பேசினார். காபி கேட்டு வாங்கிக் குடித்தார்.

"நடந்தது நடந்து போச்சு அம்முணி. போச்சாது விடு. புள்ள எங்கியோ அநாதையாட்டக் கெடக்கறாளே, எங்களுக்கு மட்டும் மனசு இல்லியா? கார்த்திகை தீப நோம்பிக்கு வந்து கோயில்ல ஒரு கும்புடு போட்டுட்டு, ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போகட்டும்."

"வருவாளுங்களா மாமா?"

"நாங்க கூப்புட்டா வரமாட்டா. நீ கூப்புட்டா வருவா."

என் வீட்டுக்காரர் வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மேட்டுக்காட்டு மலர்விழி ஞாபகம் வந்தது. அது வேறு குடும்பம், வேறு விஷயம்.

நவம்பர் 6

தாரணி கூப்பிட்டாள். சொன்னேன்.

"நெசமாவாம்மா? பெரியப்பாவே சொன்னாரா?" என்றாள். இரண்டு தரம் கேட்டாள். பிறகு அழுதாள். "நீ இருப்பீல்லம்மா? நீ இருந்தா வரேன்."

"நான் எங்கடி போகப்போறேன்" என்றேன்.

அவளுக்குப் பிடிக்கும் என்று கம்பு வாங்கி வைத்தேன். ஊறவைத்து இடித்துக் கூழ் காய்ச்ச வேண்டும். செவ்வந்திப்பூ நிறத்தில் ஒரு புடவை எடுக்கலாமா என்றும் யோசனை.

நவம்பர் 11

மேடம் ஆற்றில் வலை போட்டார். சிவப்புப் புள்ளி கொஞ்சம் கிடைத்தது. ஒன்றிரண்டை அறுத்துப் பார்த்தார். வயிற்றில் மணலும் பிளாஸ்டிக் துண்டும்தான். பாசியும் புழுவும் பக்கத்திலேயே இருந்தும் தின்னத் தெரியவில்லை.

"எதுக்காகக் காத்துக்கிட்டு இருந்துச்சு?" என்று மேடம் தமக்குள் கேட்டுக்கொண்டார்.

எனக்குத் தெரியும்.

பாறை மேல் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. போன வருஷம் இத்தனை பார்த்ததில்லை. நன்றாகக் கொழுத்திருந்தன.

நவம்பர் 18

இதை எழுதவே கை வரவில்லை.

வேலை முடிந்து துறைக்குப் போனேன். தூரத்தில் இருந்தே சத்தம் கேட்டது. டக், டக், டக். என்னுடைய தட்டு. அதே இடைவெளி. மாதையன் பரிசலில் உட்கார்ந்து ஒரு பெயிண்ட் டப்பாவைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தான். அவன் தம்பி எதிரே வலையை விரித்துப் பிடித்திருந்தான். தண்ணீர் கொதித்தது. தூக்கினார்கள். மறுபடி தட்டினான். மீதி இருந்தவை, பக்கத்தில் இருந்தவை வலையில் போனதைப் பார்த்த பிறகும், வந்தன.

மாதையன் என்னைப் பார்த்ததும் சந்தோஷமாகக் கையை ஆட்டினான். கெட்டவன் இல்லை. அவன் வேலை மீன் பிடிப்பது. ஒரு பை நிறையக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான்.

"எல்லாம் உங்க புண்ணியமுங்க்கா. ஒரு வாரமா இதே அறுவடதான். கொழம்பு வெய்ங்க."

பையைப் பிரித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் சிவப்புப் புள்ளி. பச்சை ஒன்றுகூட இல்லை. சிலதுக்கு இன்னும் வாய் அசைந்தது.

நான் கூப்பிட்டால் வரும் என்று நான்தான் சொன்னேன். அவை என் சத்தத்தை நம்பி வந்தன. தட்டுவது யார் என்று பார்க்க அவற்றுக்கு நான் சொல்லித் தரவில்லை.

நவம்பர் 19

மூன்று நாளாகவே என் போன் மச்சாண்டாரிடம் இருக்கிறது. "சார்ஜு நிக்கறதில்லீன்னு சொன்னியே, கடைல குடுத்துப் பாக்கறேன்" என்று எடுத்துப் போனார். நான் அப்படி எப்போது சொன்னேன் என்று யோசித்தேன், ஞாபகம் இல்லை.

இன்று வந்தபோது கேட்டார். "தனியாத்தான வருவா? அவன் வரவேண்டாம், சனம் ஒரு மாதிரி பேசும். சாயங்கால பஸ்ஸுல வரச்சொல்லு. ஊருக்குள்ள யாருக்கும் தாக்கல் சொல்லாத, திஷ்டி."

நான் தலையை ஆட்டினேன். பாத்திரம் கழுவும் இடத்தில் போய் நின்றுகொண்டேன்.

தாரணியைப் போலவே வீட்டை விட்டுப் போன மலர்விழியைக் கூப்பிட்டதும் அவளுடைய அம்மாதான். அம்மாவுக்கு நெஞ்சுவலி, ஒரு தரம் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ என்று. வந்தாள். மறுநாள் வயிற்றுவலி தாங்காமல் மருந்து குடித்துவிட்டாள் என்றார்கள். ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வந்து சேர்வதற்குள் எரித்து முடித்துவிட்டார்கள். அவள் அம்மா அதற்குப் பிறகு எங்கள் தெருவில் நடந்து போகும்போது யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காதைப் பொத்திக்கொள்கிறாள். அன்று அந்த வீட்டில் எல்லா ஏற்பாட்டையும் முன்னால் நின்று செய்தவர் என் மச்சாண்டார்.

எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். நவம்பர் 3 அன்றே தெரியும். அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், 'வேறு விஷயம்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 21

மேடத்திடம் சொன்னேன். தம் போனை எடுத்து நீட்டி, "இதுல கூப்பிட்டு வராதேன்னு சொல்லிடுங்கக்கா" என்றார். தாரணியின் எண் எனக்கு மனப்பாடம் இல்லை. அவள் எண்ணை மாற்றிக்கொண்டே இருந்தாள், நான் வந்த அழைப்பைத் திருப்பி அமுக்கியே பழகியவள். ஜெகனின் எண்ணோ முகவரியோ தெரியாது. ஊர் பெயர் மட்டும் தெரியும், அது பெரிய ஊர்.

"போலீசுக்குப் போலாமா?"

"ஸ்டேஷன்ல அவரக் கண்டா நாற்காலி போடறாங்க மேடம்."

இரண்டு பேரும் காலியான நாலாம் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கல்லும் ஓடும் அப்படியே கிடந்தன. மூங்கில் சுவரில் சாய்ந்திருந்தது.

நவம்பர் 26

காலையில் மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "நாளைக்கு அண்ணன் போனக் கொண்டாருவாரு. எப்ப பஸ் ஏறுறான்னு கேக்கச் சொல்லுவாரு. ஸ்பீக்கர்ல போடச் சொல்லுவாரு."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல." குனிந்தபடியே, "நீ என்ன பண்ணுவியோ எனக்குத் தெரியாது புள்ள" என்றார். அவர் கை சோளத்தட்டுக் கூடையில் வெறுமனே துழாவிக்கொண்டிருந்தது. உள்ளே தட்டு இல்லை.

நவம்பர் 27

எழுதுகிறேன். கோபத்தில் பேசிவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இதிலும் அப்படியே எழுதுகிறேன். கோபம்தான்.

மத்தியானம் மச்சாண்டார் வந்தார். கூட இரண்டு பங்காளிகள். கட்டிலில் உட்கார்ந்தார்கள். என் வீட்டுக்காரர் தூணில் சாய்ந்து நின்றார். மச்சாண்டாரே எண்ணை அமுக்கி, ஸ்பீக்கரில் போட்டு என் கையில் கொடுத்தார்.

மணி அடித்து முடிவதற்குள் எடுத்தாள். என் எண்ணைப் பார்த்தால் அப்படித்தான் எடுப்பாள்.

"அம்மா! நானே கூப்புடலாம்னு இருந்தேன். எந்த பஸ்ஸுல வரட்டும்? உனக்கு ஒரு பொடவ எடுத்திருக்கறேம்மா."

ஆறு இரக்கமே இல்லாமல் வளர்க்கும் என்று மேடம் சொன்னார். மூங்கில் ஒன்று கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

"எந்த மூஞ்சிய வெச்சுட்டுடி வரப்போற?" என்றேன்.

"அம்மா?"

"அம்மான்னு சொல்லாத. என்ற வயித்துல நீ பொறக்கல. இந்த வாசப்படிய மிதிச்சீன்னா நானே சோத்துல மருந்து வெச்சுக் குடுப்பேன். நெசமாக் குடுப்பேன்."

"அம்மா, நாந்தாம்மா. தாரணி."

"தெரியுது. தெரிஞ்சுதான் சொல்றேன். வராத. நான் கூப்புட்டாலும் வராத. அழுதுட்டுக் கூப்புட்டாலும் வராத. நாளைக்கு நான் செத்துட்டேன்னு தாக்கல் வந்தாலும் வராத. உன்ற மூஞ்சி எம் பொணத்து மேலகூடப் படக்கூடாது. என்ற கொரலக் கேட்டாலே நீ ஓடோணும். கேட்டுச்சா? ஓடோணும்."

அவள் மூச்சு விடுவது அறை முழுக்கக் கேட்டது. அப்புறம் ஒரு சத்தம், சின்ன வயதில் விழுந்து முட்டி பெயர்ந்தால் அழுவதற்கு முன் வருமே, அந்தச் சத்தம். பிறகு வைத்துவிட்டாள்.

மச்சாண்டார் எழுந்தார். அறை விழுந்தது, காது இன்னும் இரைகிறது. "வந்த காரியத்தக் கெடுத்துட்டயேடி. பொம்பளைக்கு வாய அடக்கத் தெரியல" என்றார். மறுபடி அமுக்கிப் பார்த்தார்கள், அணைத்துவிட்டிருந்தாள், போனைத் தரையில் எறிந்தார்கள். ஆத்திரக்காரி, அறிவு கெட்டவள் என்று பேசிக்கொண்டே போனார்கள். அப்படி நினைத்துக்கொண்டு போனது நல்லது.

அவர்கள் போன பிறகு என் வீட்டுக்காரர் போனைக் கீழே இருந்து எடுத்தார். பின்பக்கத்தைக் கழற்றி சிம்மை எடுத்தார். பல்லில் வைத்துக் கடித்து இரண்டாக ஒடித்து, மாட்டுத்தொட்டித் தண்ணீரில் போட்டார். இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

நவம்பர் 28

வேலைக்கு வந்தேன். தவிடு பிசைந்தேன்.

டிசம்பர் 5

தீப நோம்பி முடிந்தது. விளக்கு வைத்தேன். சாயங்கால பஸ் வந்து நின்று போன சத்தம் கேட்டது. யாரும் இறங்கவில்லை. கம்பு டப்பாவில் அப்படியே இருக்கிறது.

டிசம்பர் 16

மேடம் ஆற்றில் மேலும் கீழுமாகப் பல இடங்களில் வலை போட்டுப் பார்த்தார். சிவப்புப் புள்ளி ஒன்றும் இல்லை. பச்சையும் இல்லை.

"சிவப்பு முடிஞ்சு போச்சுக்கா. நாம எழுதிக்க வேண்டியதுதான்."

"பச்சை?"

"செத்தும் போயிருக்கலாம். வலைக்கே சிக்காம ஒளிஞ்சும் இருக்கலாம். வெளியில இருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

"எப்பத்தான் தெரியும் மேடம்?"

என் தோளில் கையை வைத்தார். நான் அந்தக் கையைப் பிடித்து, பாம்பு பிடிக்கும் கை இது என்று சொல்லி அவரைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். முடியவில்லை.

ஜனவரி 9

ஆற்றுக்குப் போனேன். வாளி எடுத்துப் போகவில்லை. இனி எடுத்துப் போவதாகவும் இல்லை. துறைக்கு மேலே, பாறைகளுக்கு நடுவே தண்ணீர் ஆழமில்லாமல் வேகமாக ஓடும் ஓர் இடம் உண்டு. அங்கே எட்டிப் பார்த்தேன். என் நிழல் தண்ணீரில் விழுந்ததும் ஒரு மீன் சட்டென்று கல்லுக்கு அடியில் பாய்ந்தது. நல்ல வளர்த்தி, நல்ல வேகம். பச்சைப் புள்ளி இருந்ததா என்று பார்க்க நேரமே கொடுக்கவில்லை. இருந்தது என்று வைத்துக்கொள்கிறேன்.

மேடத்துக்கு எழுதிய தாளில் 'ஒன்று, உறுதியில்லை' என்று போட்டேன்.

பிப்ரவரி 20

நேற்று மச்சாண்டார் சம்சாரத்தோடு ஈரோடு போய் வந்தேன். அந்த அக்காவுக்குக் கண் டாக்டரிடம் காட்ட வேண்டும், துணைக்கு என்னைக் கூப்பிட்டார். நவம்பருக்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கு நல்ல பெயர். மகளையே வேண்டாம் என்றவள்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் அக்காவை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டில் வாங்கக் கடைக்குப் போனேன். எதிர் வரிசையில் நின்ற பஸ்ஸுக்குப் பக்கத்தில் தாரணி நின்றாள். கையில் ஒரு துணிப்பை. வயிறு நன்றாகத் தெரிந்தது, ஐந்தாவது மாதம் இருக்கும். கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. யாரோ நன்றாகச் சாப்பாடு போடுகிறார்கள்.

நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள்.

நான் பேர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். பொய் சொல்ல மாட்டேன், திறந்துவிட்டேன். நான் சட்டென்று நின்றதைப் பார்த்துப் பின்னால் அக்கா, "யாரு ருக்குமணி?" என்றார். அவர் கண்ணுக்கு மருந்து விட்டிருந்ததால் தூரத்தில் இருப்பது தெரியாது, காது நன்றாகக் கேட்கும்.

தாரணியின் முகத்தில் பயம் வந்தது. பெரியம்மாவைப் பார்த்து வந்த பயம் இல்லை, அவரை அவள் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்து வந்தது. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பி நடந்தாள். பிறகு ஓடினாள். இரண்டு பஸ்களுக்கு நடுவே புகுந்து, பூக்காரிகளைத் தாண்டி, கூட்டத்தில் போய்விட்டாள். ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நல்ல பெண்.

"யாருமில்லீங்க்கா" என்றேன். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன்.

பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர சீட் கிடைத்தது. பவானி தாண்டும்வரை என்னவோ சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அக்காதான், "எதுக்கு அதப் போட்டுத் தட்டிட்டே வர்ற?" என்றார். குனிந்து பார்த்தால் மடியில் இருந்த டிபன் பாக்ஸை என் விரல் தட்டிக்கொண்டிருந்தது. கையை எடுத்து முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன்.